புளியில் வெளுத்த யானைக்காசு

காட்டூர் டைலர் வீரமலை தைக்கிற சட்டைக்குக் காலர் ஒரு பக்கம் தூக்கித்தான் நிற்கும். கேட்டால், உங்கள் கழுத்து வாகு அப்படி என்பார். யாரும் அதற்கு மேல் பேசுவதில்லை. பேசினால் உட்காரவைத்துப் பழைய செப்புக்காசு கதையை ஆரம்பித்துவிடுவார். அதற்குக் கோணல் காலரே மேல்.

காவிரி வற்றினால் ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இருப்பார். யாத்திரைக்காரர்கள் ஆற்றில் போட்ட சில்லறைக்கு மணல் அரிக்கிறவர்களோடு சேர்ந்து அவரும் தட்டில் அரிப்பார். அவர்களுக்கு வேண்டியது ஐந்து ரூபாய் வில்லை, இவருக்கு வேண்டியது பச்சைக் களிம்பேறிய செம்பு. அப்படிக் கிடைத்ததுதான் அந்த நாயக்கர் காலத்துக் காசு. சுண்டுவிரல் நகத்தளவு. அதில் ஒரு யானை, தும்பிக்கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும். இப்படியொரு யானையைத் தான் பார்த்ததேயில்லை என்று அன்புச்செல்வனே சொன்னார்.

அன்புச்செல்வன் ஸ்ரீரங்கத்துக்காரர், காசு சேர்ப்பவர்கள் சங்கத்தின் செயலாளர். லென்ஸ் இல்லாமல் எட்டணாவைக்கூடத் தொடமாட்டார். வீரமலையின் மனைவி பவுனம்மாளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அதனால் மகள் பவித்ரா கல்யாணத்தில் தாய்மாமனாக மாலை போட்டுக்கொண்டு நின்றவர் அவர்தான். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் பவுனம்மாளுக்கு அண்ணன் சீராகப் பட்டுச்சேலை வரும். சொந்த அண்ணன்காரன்கள் செய்கிறார்களா என்று தெருவே வயிறெரிந்தது.

சங்கத்துக் கண்காட்சிக்கு யானைக்காசை அவர்தான் வாங்கிப்போனார். அது முடிந்ததும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் அதைத்தான் மொய்த்தார்களாம். வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியில் பூட்டாமல் பூஜை அலமாரியில் சாமி முன்னால் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். தப்பு அங்கேதான்.

பூஜை அலமாரியில் இருக்கிற உலோகமெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் பவுனம்மாள் தேய்க்கிற புளிக்குப் போய்விடும். குத்துவிளக்கோடு யானையும் போனது. வீரமலை திரும்பி வந்தபோது புத்தம்புதுச் செப்புக் குண்டான் நிறத்தில் பளபளத்தது. காசுக்குக் களிம்புதான் உயிர். அது போனால் காசே செத்த மாதிரி. வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டார். பவுனம்மாள் அழுதுகொண்டே சாப்பிடாமல் படுத்தாள்.

விடிந்ததும் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தார். பள்ளத்தில்கூடப் பச்சை இல்லை. நூறு நூறு வருஷமாக ஊறியது ஒரே தேய்ப்பில் போகுமா? விளிம்பைத் தடவினார். நடுவில் மெல்லிய கோடு சுற்றி ஓடியது. அந்தக் காலத்துக் காசு சுத்தியலால் அடித்தது. அதற்குக் கோடு ஏது? உருக்கி ஊற்றினால்தான் இரண்டு அச்சும் சேர்கிற இடத்தில் அப்படி விழும்.

கடையைத் திறக்காமல் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார். அன்புச்செல்வனிடம் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பவுனு புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிக் காசை நீட்டினார். மாறிப்போச்சு, தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அதோடு விட்டிருப்பார்.

அன்புச்செல்வன் லென்ஸை எடுக்கவே இல்லை.

"போச்சுண்ணே. புளி பட்டா அவ்வளவுதான். தங்கச்சிக்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கோம், தொடாதம்மான்னு."

"அப்ப அவதான் கெடுத்துட்டாங்கிறீங்க."

"வேற யாருண்ணே? பாவம், திட்டாதீங்க. அதுக்கென்ன தெரியும்."

வீரமலை காசை அவர் உள்ளங்கையில் வைத்து, விரலைப் பிடித்து விளிம்பின் மேல் ஓட்டினார்.

"இந்தக் கோட்டையும் உங்க தங்கச்சிதான் போட்டாளான்னு வீட்டுல கேட்டுச் சொல்றேங்க."

அன்புச்செல்வன் கையை இழுத்துக்கொண்டார். காபி சொல்லட்டுமா என்று கேட்டார். வீரமலை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பவுனம்மாள் வாசலிலேயே நின்றாள். அண்ணன் என்ன சொன்னார், சரிபண்ணிடலாமாமா என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் கெடுக்கல பவுனு. அது நம்ம காசே இல்ல. நம்மது அவருகிட்டயே தங்கிடுச்சு."

அவள் சுவரில் இருந்த பவித்ரா கல்யாண போட்டோவில் மாலையோடு நின்றவரைப் பார்த்தாள்.

"நான் கெடுத்தேன்னா சொன்னாரு?"

வீரமலை தலையசைத்தார். அவள் உள்ளே போய், இந்தப் பொங்கலுக்கு வந்த மயில்கழுத்துப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"கடையில மெஷினுக்கு மேல மூடிக்கங்க. தூசியாவது அடங்கும்."

இன்றைக்கும் காட்டூரில் அந்தத் தையல் மெஷின் சரிகைப் பட்டுக்குள்தான் தூங்குகிறது. எதற்கய்யா இவ்வளவு நல்ல சேலை என்று கேட்பவர்களிடம் வீரமலை, அது என் பெண்டாட்டிக்கு அண்ணன் வீட்டுச் சீர் என்பார்.