அப்பாவுக்கு அதிகாரம் இல்லை

தம்பியின் மேல்முறையீடு தள்ளுபடியான அன்று நீதிமன்றத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி ஆங்கிலத்தில் வாசிக்க வாசிக்க, அப்பாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் வாய் வரவில்லை.

"என்னம்மா சொன்னாரு?"

"அப்புறம் சொல்றேன்பா."

லிட்டில் இந்தியாவில் ஒரு கோப்பிக்கடை வாசலில் நடந்த சண்டை. ஒருவருக்குத் தாடை உடைந்தது. விலக்கிவிடத்தான் போனேன் என்று தம்பி என்னிடம் சொன்னான். அங்கே இருந்த எல்லாரையும் போலீஸ் கூப்பிட்டது.

அப்பா மாதா கோயிலில் பெரிய ஆள். சிறுவயதில் சனிக்கிழமைதோறும் எங்களைச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். சொல்லப் பாவம் இல்லாத வாரங்களில் நானும் தம்பியும் வரிசையில் நின்றபடியே ஒன்றைத் தயார் பண்ணுவோம். சாமியார் ஒரு சின்ன ஜெபத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. அந்த நம்பிக்கையோடுதான் அப்பா தம்பியைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார், நானும் போனேன்.

"எதிர்த்துப் பேசாதடா. தப்புன்னு ஒத்துக்க. ஃபர்ஸ்ட் டைம்தானே, வார்னிங் கொடுத்து விட்டுருவாங்க லா" என்றார் வாசலில்.

"ஒரு லாயரைப் பாத்துட்டுப் போலாம்பா" என்றேன்.

"தப்பு பண்ணவன்தான் லாயரைத் தேடுவான்."

தம்பி உள்ளே போய், அடித்தது நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டான். பிறகு நீதிமன்ற விசாரணையில், நான் அடிக்கவில்லை என்றான். யார் நம்புவார்கள்? சிறைத் தண்டனை விழுந்தது.

மேல்முறையீட்டில் எங்கள் வழக்கறிஞருக்குக் கிடைத்த பிடி ஒன்றுதான். விட்டுவிடுவார்கள் என்று ஆசை காட்டியதால் வந்த வாக்குமூலம் செல்லாது என்று வாதாடினார். நீதிபதி பொறுமையாகவே கேட்டார். அதிகாரிகள் யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. ஆசை காட்டியது தகப்பனார். அதிகாரத்தில் இருப்பவர் கொடுத்த வாக்காக இருந்தால்தான் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கும், தகப்பனாருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். அந்த இடத்தில்தான் நான் நிறுத்தினேன்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டு மின்விசிறி எத்தனையாம் நம்பரில் ஓட வேண்டும் என்பதுகூட அவர் முடிவுதான். நான் என்ன படிப்பது, தம்பி யாரோடு சேருவது, எல்லாம் அவர் வைத்த சட்டம். அவருக்கு அதிகாரம் இல்லையாம்! நீதிபதியைத் திட்டவும் வழியில்லை. அவர் சொன்னது சட்டப்படி சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரயிலில்தான் அதை அப்பாவிடம் சொன்னேன். இறங்க வேண்டிய இடம் வந்தபோது அம்மாதான் அவர் கையைப் பிடித்து எழுப்பினார்.

அடுத்து தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மெலிந்து உட்கார்ந்திருந்தான். அப்பா ரிசீவரை எடுத்தார்; நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"நான்தான்டா உன்னைக் கெடுத்துட்டேன். ஒத்துக்கன்னு சொன்னேன்ல" என்று அழுதார்.

தம்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது பரவால்லப்பா. ஆனா அடிச்சியா இல்லையான்னு நீங்க இன்னிக்கு வரைக்கும் என்னைக் கேக்கவே இல்லையே."

அப்போதும் அப்பா கேட்கவில்லை. ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.