நெருப்புக் கக்காத கரடு

ஜப்பானில் ககோஷிமா நகரத்தில் துணி காயப்போடுமுன் யாரும் மேகத்தைப் பார்ப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுதான் பார்க்கிறோம். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சகுராஜிமா எரிமலை நினைத்தபோதெல்லாம் துப்பும். காற்று நம் பக்கம் திரும்பினால் தீர்ந்தது கதை. துவைத்த சட்டையெல்லாம் சாம்பல், பல்லுக்குள் நறநறவென்று மண். சாம்பலை அள்ளிக் கட்டிவைக்க நகராட்சியே பை கொடுக்கிறது.

கல்லுலகத்தில் இந்த எரிமலை கைக்குழந்தை. முன்பு தனித்தீவாக இருந்ததாம். ஒருமுறை கக்கிய குழம்பு கடலையே அடைத்து அக்கரையோடு ஒட்டிவிட்டது. அந்தக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறையில் நடந்தால் செருப்பு கிழியும். கொஞ்சம் தள்ளி, அதே சாம்பல் மண்ணில் தலையணை பருமனுக்கு முள்ளங்கி விளைகிறது. இத்தனை அட்டகாசம் செய்தாலும் பக்கத்து வீட்டுத் தனாகா அம்மாள், "இன்றைக்கு நம் மலைக்கு மனசு சரியில்லை" என்று செல்லமாகத்தான் சொல்வார்.

எங்கள் கரடு ஒருநாளும் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. பொள்ளாச்சிப் பக்கம், எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த சின்னப் பாறைக்குன்று அது. நூற்றுக்கணக்கான கோடி வருஷத்துக் கல். வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடும். அந்த வரி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் ஜியாலஜி படித்தேன். அப்பா போனபின், எங்கள் பக்கத்துத் தங்கச்சிகள் எல்லாரும் செய்வதைப்போல, நானும் என் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தேன். பிறந்த வீட்டு வாசல் அடைபடக்கூடாதே! பத்திர ஆபீசில் பேனாவைத் திறந்தபடி ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கரட்ட மட்டும் யாருக்கும் குடுத்துப்போடாதீங்ண்ணா."

"அப்பா மேல சத்தியமுங் கண்ணு. நீ போடு கையெழுத்த."

பத்திரத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் நீட்டுவதைப் படித்துப் பார்ப்பதாவது!

போன வாரம் வீடியோவில் பேசினார். பின்கட்டில் நின்றிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் வெறும் வானம்.

"அண்ணா, கரடு எங்கீங்க?"

"கல்குவாரிக்குக் குடுத்துப்போட்டேன் அம்மணி. ஆடுகூட மேயாத கல்லு அது. நீ அங்க இருந்துட்டு எதுக்குப் பொலம்பறே?"

யாரோ ஒரு வியாபாரி ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கூடப் பிறந்தவர் அல்லவா ஏமாற்றினார்! அழுத முகத்தோடு வாசல் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தனாகா அம்மாள் என்னவென்று கேட்டார். என் அரைகுறை ஜப்பானியத்தில், "ஊரில் என் மலை போய்விட்டது" என்றேன்.

அவர் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். "நெருப்புக் கக்கியதா? வீட்டில் எல்லாரும் பத்திரமா?"

அண்ணன் விற்றுவிட்டார் என்று சொல்ல எனக்குச் சொற்கள் தெரியும். அந்நிய மனுஷியிடம் அவரை விட்டுக்கொடுக்கத்தான், பாழும் மனசு, இடம் தரவில்லை. "ஹாய்" என்று ஜப்பானியத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டினேன். கக்கியது, அண்ணன் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டார் என்றேன்.

தனாகா அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணை மூடி, என் அண்ணன் பிழைத்ததற்காகக் கைகூப்பினார். நானும் கூடவே கூப்பினேன்.