மூன்றாம் கியர்

ஹில்மி நானா போய்விட்டார்.

காலையில் வட்ஸ்அப்பில் பார்த்தபோது நம்பவில்லை. போன வருசமும் யாரோ ஒரு புண்ணியவான் அவரை இப்படித்தான் சாகடித்தார்... அன்று பின்னேரம் அவரே எனக்கு ஃபோன் எடுத்து, "புள்ள, நான் மௌத்தாகிட்டனாம், கேள்விப்பட்டீங்களா?" என்று சிரித்தார்.

இந்தமுறை மூதூரில் இரண்டு பேரிடம் கேட்டேன். உண்மைதான். நித்திரையிலேயே போயிருக்கிறார்.

மூதூரிலிருந்து புறப்பட்டு டூரிங் கார் ரேஸில் கப் மேல் கப் அடித்த மனிதர். ரோட்டில் ஓடுகிற அதே கார்தான், உள்ளே எல்லாவற்றையும் கழற்றி ரேஸுக்கென்று மாற்றிக் கட்டுவார்கள். வருசக்கணக்காக அவரை யாராலும் முந்த முடியவில்லை. அதே டீமில், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் ஓடியவள் நான்.

இன்றைக்கு எல்லோரும் அஞ்சலி போடுகிறீர்கள். சந்தோசம். ஆனால் பாதிப் பதிவுகளில் ஒரே வசனம்... "கடைசி ரேஸை ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த பெரிய மனசு."

அந்தப் பொம்பிளைப் பிள்ளை நான்தான். டேக் பண்ணியும் விட்டிருக்கிறீர்கள், நன்றி.

கடைசி லாப். அவர் முன்னால், நான் பின்னால். கடைசி வளைவில் அவருடைய கார் திடீரென்று இழுவை விட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை உயர்ந்தது. நான் முந்தினேன்... வென்றேன்.

காரில் பிழை வந்தால் கையை வெளியே உயர்த்துவது எங்கள் வழக்கம். பின்னால் வருகிறவர் கொண்டுவந்து அடித்துவிடாமல் இருக்கத்தான். ஆனால் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்கு அது "நீ போ" என்று சொன்ன மாதிரி இருந்திருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

காரை விட்டு இறங்கியதும் நேரே போய்க் கேட்டேன். "நானா, விட்டுத் தந்தனீங்களோ?"

"வல்லாஹி இல்ல புள்ள. மூணாம் கியர் விழல்ல."

அதன் பிறகு எத்தனை தரம் கேட்டாலும் அதே சத்தியம், அதே பதில். ஒரு சொல் மாறாது. அதுதான் எனக்குச் சந்தேகம். உண்மை சொல்கிற ஆள் கொஞ்சமாவது மாற்றிச் சொல்லமாட்டாரா?

நான் அப்படிப்பட்டவள்தான். ஒருமுறை என் ரயர் போய், அவர் தன்னுடையதைத் தந்தார். நான் ஒவ்வொன்றாக உருட்டி, தடவி, மணந்துகூடப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நானா, "நீங்க துறைமுகத்தில கஸ்டம்ஸ் வேலைக்குப் போயிருக்கணும் புள்ள. ஒரு கப்பல் உள்ளுக்கு வராது" என்றார்.

நான் வென்ற அந்தக் கடைசி ரேஸோடு அவர் ஓடுவதை நிறுத்திவிட்டார். காரை மூதூருக்குக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் போட்டுப் பூட்டினார். கியர்பொக்ஸைத் திருத்தவே இல்லை. மெக்கானிக் வந்து கேட்டும் தொட விடவில்லையாம். பிழை இருந்தால் ஏன் திருத்தக் கொடுக்கவில்லை? பிழையே இல்லை, அதுதான்... என்று முடிவு கட்டினேன்.

"வந்து பாருங்களேன் புள்ள." ஒவ்வொரு பெருநாளுக்கும் கூப்பிடுவார். துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் நான், குடாவுக்கு அந்தப் பக்கம் அவர். அவ்வளவுதான் தூரம். நான் போகவில்லை. பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம் மட்டும் யார் கையிலாவது வந்து சேரும்.

பயம். மூன்றாம் கியர் விழுந்துவிட்டால்? எனக்கு இருப்பதே அந்த ஒரு கப்தான்.

இன்றைக்குப் போனேன்.

ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனபிறகு, அவருடைய மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என் கையில் கொட்டில் சாவியை வைத்தார்.

"போய்ப் பாருங்க புள்ள. நீங்க நம்பல்ல எண்டு அவருக்குத் தெரியும். ஒருநாள் வந்து பார்ப்பீங்க எண்டுதான் ஒருத்தரையும் தொட விடல்ல."

காரை மூடியிருந்த தறப்பாளை இழுத்தேன். ஒரே தூசு. ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன்.

முதலாம் கியர் விழுந்தது. இரண்டாம் கியர் விழுந்தது.

மூன்றாம் கியர்... விழவில்லை. காரை முன்னும் பின்னும் தள்ளிவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். லீவர் என் கையில் சும்மா ஆடிக்கொண்டு இருந்தது.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். ராத்தாவுக்குக் கேட்டிருக்கும். அந்த வீட்டில் இன்றைக்கு யார் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

ஆகவே, பதிவு போட்டவர்களே... அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திருத்திவிடுங்கள்.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் வந்த யோசனையையும் சொல்லிவிடுகிறேன். நானா, நான் என்றைக்காவது வந்து பார்ப்பேன் என்று தெரிந்து, பிறகு நீங்களே அதை உடைத்து வைத்தீர்களோ?

செய்யக்கூடிய ஆள்தான் நீங்கள். இனி யாரிடம் போய்க் கேட்பேன்...

போய் வாங்கோ நானா.

கப்பை அலுமாரிக்குள் இருந்து எடுத்து, துடைத்து, மேசையில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு.