கடலடியில் ஓடிய அரை வினாடி

அந்த அண்ணனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடலுக்கு அடியில் பாறை எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் என் முனைவர் ஆய்வு. நிலநடுக்கப் பதிவுக் கருவிகளைக் கடல்தரையில் இறக்கி, ஒரு வருடம் விட்டு, கப்பலில் போய் எடுப்போம். எங்கோ நிலம் நடுங்கினால், அந்த அதிர்வு ஒவ்வொரு கருவிக்கும் எப்போது வந்தது என்று பார்ப்போம். தாமதமாக வந்தால் வழியில் சூடான பாறை இருக்கிறது. ஆனால் கடலடியில் கருவியின் கடிகாரம் தன்போக்கில் ஓடும். மேலே தூக்கியதும், நிறுத்துவதற்கு முன்பே, செயற்கைக்கோள் நேரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிசகியது என்று தாளில் எழுத வேண்டும். நிறுத்திவிட்டால் போச்சு.

லூனாஸ் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆறு மாதம் வரைந்த படத்தில், ஒரு கருவிக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு வந்தது. சூடான பாறை! ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது. அம்மாவிடம்கூடக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பிறகு ஒருநாள் மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் மாதத்தில் தாமதமே இல்லை. கடைசி மாதத்தில் அரை வினாடி. பாறை மாதாமாதம் சூடேறுமா? கடிகாரம்தான் முந்தி ஓடியிருக்கிறது. தாளை எடுத்தேன். இதற்கும், பக்கத்துக் கருவிக்கு எழுதிய அதே எண், கடைசி இலக்கம் வரை.

மடிக்கணினியை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பீடோங் ஊருக்குப் போனேன். கப்பலில் கருவிகளைக் கவனித்த அந்த அண்ணன், சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். தாளை அவர் தட்டின் மேலேயே வைத்தேன்.

"அதுவா... மழை கொட்டுச்சி தங்கச்சி. எஸ்டேட்டுல மழை வந்தா மொதல்ல பம்பு கரண்ட்டத்தான் கழட்டுவோம். அந்தப் பழக்கத்துல கை பேட்டரிய கழட்டிருச்சி, கடிகாரம் நின்னுபோச்சி. பக்கத்துல உள்ளத பாத்து எழுதிட்டேன். அரை செகண்டு லா!"

"ஒரு வருசப் பதிவு லா அண்ணே! அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா வேற வழியில சரி பண்ணிருப்பேனே!"

"யாரு கடலுக்கு அடியில போயி பாக்கப்போறா? சும்மா விடு. ஒனக்கும் பட்டம் கெடைக்கும்."

வெட்கங்கெட்ட பேச்சு! யாரும் போய்ப் பார்க்க முடியாது என்பதால்தானே அந்தத் தாளை நம்புகிறோம்? கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அங்கேயே என் பேராசிரியருக்கு எழுதி அனுப்பினேன்: அந்தத் திட்டு பொய், என் ஆய்வேட்டில் பாதி போயிற்று.

"என் பேரப் போட்டியா?" அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"போட்டேன்."

அந்தத் தாளின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று இன்னொரு கையெழுத்தும் இருந்தது. கப்பலில் வாந்தியெடுத்துப் படுத்திருந்தவள், அவர் நீட்டியதும் பார்க்காமலே போட்டது.

"எம் பேரையுந்தான்," என்றேன்.