சாப்பிட்டியா என்று கேட்டவர்

செக்கர் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய சட்டை கிடையாது. தையல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் காலர், கை, பட்டன் துளை என்று பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டாள். நூல் பிசிறு தெரிந்தால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு. முதலாளியே வந்து கெஞ்சினாலும் அழிக்க மாட்டாள்.

பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பிரார்த்தனைக் கூடத்திலும் அவள் கொடிதான் பறந்தது. சாவி அவளிடம், பாட்டுப் புத்தகம் அவளிடம், யார் எங்கே உட்காருவது என்ற தீர்ப்பும் அவளிடம். "தேவரீர் திருவுளம் இரங்கி" என்று அவள் ஆரம்பித்தால் குழந்தைகள்கூட கப்சிப். கேட்பவர்களுக்குப் பாதி புரியாது. புரியாததாலேயே அவளுக்கு மரியாதை கூடியது.

அந்தக் கூடத்துக்குத்தான் அதே கம்பெனி இஸ்திரிக்காரர் புதிதாக வந்து சேர்ந்தார். மனைவிக்குப் பக்கவாதம், பேச்சு போய் எட்டு மாதம். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, கடவுளிடமாவது பேசலாம் என்று வந்தார். வேறு எதுவும் கேட்டு வரவில்லை, பாவம். மூன்றாவது வாரம், விரும்பியவர் வாய்விட்டுப் பிரார்த்திக்கலாம் என்றதும், மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, "என்னப்பா, சாப்பிட்டியா?" என்றார்.

பின்வரிசை சிரிப்பில் குலுங்கியது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "வர்றவங்க எல்லாம் அதைக் குடு, இதைக் குடுன்னு உன்னைப் பிடுங்குறாங்க. உன்னை யாராவது விசாரிச்சாங்களா? நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பாத்துக்க."

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மாடிப்படியிலேயே அவரை மடக்கினாள்.

"யார்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுனீங்களா?"

"சரியாத் தெரியாதுக்கா. அதான் விசாரிச்சேன்."

"அவருக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, ஒரு குறையும் கிடையாது. உங்க டீக்கடைக் கூட்டாளியா அவர்?"

"பசியே எடுக்காதா?" அவர் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "பாவம்க்கா அவரு."

அவ்வளவுதான். கடவுளைப் பார்த்துப் பரிதாபப்பட இந்த ஆள் யார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கூடத்தை நடத்தும் கண்டக்டர் ஐயாவிடம் போனாள். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் முகம் சுளிக்காதவர்.

"ஒண்ணு அவர் ஒழுங்காப் பேசணும், இல்ல நான் வரல."

"புதுசா ஏறின ஆளும்மா. போகப் போகச் சரியாயிடும்."

"புதுசுன்னா வாயை மூடிக்கிட்டு உட்காரணும்."

சாவியைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். ஐயா பயந்து, சரி உன் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுங்கலையும் சும்மா விடக்கூடாது, ஆனால் இது அக்காவின் கதை.

மறுநாள் ஒரு முழுத்தாள் நிறையப் பிரார்த்தனை எழுதிக்கொண்டு வந்து அவர் இஸ்திரி மேஜைமேல் வைத்தாள். "இதை மனப்பாடம் பண்ணுங்க. அதுவரைக்கும் அங்க வாயைத் திறக்காதீங்க."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "தேவரீர்னா யாருக்கா? இவருக்கும் மேல இன்னொருத்தரா?"

தையல் மிஷின்காரிகள் சிரித்தார்கள். "நீன்னு சொல்றதுக்குப் பதிலா அப்படிச் சொல்லணும்," என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் தாளைப் பிடித்தபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அடுத்த இரண்டு வாரம் கூடத்தில் ஆளையே காணோம். அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். கண்டக்டர் ஐயாதான் ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே சொன்னார்: "நீ இறக்கி விட்ட ஆளு. நீயே போய் ஏத்திட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பாட்டு வேளையில் அவர் இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

"ஏன் வர்றதில்ல?"

"பேச்சு வரலக்கா." அவர் சட்டைக் கையை நீவிக்கொண்டே சொன்னார். "முன்னாடி வீட்டுல சம்சாரத்துக்கு ஊட்டும்போது கடவுள்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுவேன். இப்ப வாயைத் திறந்தாலே பயமா இருக்கு. அவ்வளவு பெரியவர்னு தெரியாமத் தொந்தரவு பண்ணிட்டேன். விட்டுட்டேன்."

"விட்டுட்டேன்னா?"

"பேசறதையே விட்டுட்டேன். வீட்டுல இப்ப சத்தமே இல்ல."

அக்காவுக்குக் கோபம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வெட்கம்தான் வந்தது. ஊமையாகிவிட்ட ஒரு வீட்டில் மிச்சமிருந்த ஒரே பேச்சையும் தான் பிடுங்கிக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. "தப்பு என்னோடது," என்றாள்.

"என்கிட்ட எதுக்குக்கா? அவர்கிட்டச் சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் அவர்கிட்டப் பேசத் தெரியும். நானும் நின்னு கேட்டுக்கிறேன்."

குத்திக்காட்டிப் பேசவில்லை அவர். நிஜமாகவே கற்றுக்கொள்ளத்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கண்ணை மூடினாள். முப்பது வருட மனப்பாடத்தில் இதற்கென்று ஒரு வரி இல்லை. எங்கெங்கோ தேடினாள்.

"நான்தான் இவரை விரட்டிட்டேன்," என்றாள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

"இது எனக்கும் வருமே," என்றார்.