மாமா எடுத்த மிஷின்

எங்கள் வீட்டுக் காப்பி மிஷினைப் பற்றி அப்பாவிடம் ஒரு வேடிக்கைக் கதை இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியோடு அதையும் சேர்த்துப் பரிமாறுவார். "என் மச்சான் இருபது வருஷமா காப்பித் தோட்டத்துல இருக்கறவன். அவனைக் குடகுலேர்ந்து வரவழைச்சு எடுத்த மிஷின் இது" என்று ஆரம்பிப்பார். கதை முடிவதற்குள் வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கதையில் ஒரு பொய் இருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னுடையது.

அறுபதுகளின் கடைசி. ஓசூருக்கு இன்னும் தொழிற்சாலைகள் வந்திருக்கவில்லை. பெங்களூர் போகிற பஸ்கள் நின்று போகிற ஊர், ஒரு கடைத்தெரு, ஒரு சந்தை, ஒரு தாலுகா ஆபீஸ். அப்பா அந்த ஆபீசில் குமாஸ்தா. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை எங்கள் வீட்டில் கடையில் அரைத்து விற்கிற காப்பித்தூள்தான். அப்பா ஒரு நாள் தன் மேலதிகாரி வீட்டுக்குப் போய், அப்போதே அரைத்துப் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் காலையிலிருந்து அம்மாவின் காப்பியில் புளியங்கொட்டை வாசம் அடிக்க ஆரம்பித்தது. அப்பாவுக்கு மட்டும். ஒரு வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்த பிறகு, வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். எந்த மிஷின் என்பதில்தான் தகராறு. மடியில் வைத்துச் சுற்றுகிற மரப்பெட்டிதான் நல்லது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற இரும்புதான் என்று இன்னொருவர் சொன்னார். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்து குழம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணனுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். ஒரு லெட்டர் போடட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா சிரித்தார். "போடு, போடு. உங்க பக்கத்துலயும் ஒருத்தருக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கட்டும்."

அம்மா அன்று மத்தியானமே எழுதினாள். பதில் வர நாளானதும் இன்னொன்றும் எழுதினாள்.

அம்மாவின் ஊர் கெலமங்கலம் பக்கம். மாமா பதினைந்து வயதில் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனவர். நாளாக ஆக, கொட்டை காயவைக்கும் களத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருந்தார். முதலாளி பங்களாவுக்குக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பதும் அவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லியிருந்தது வேறு. என் வகுப்பில் பாத்திரக்கடைக்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். சானமாவுக் காட்டோரம் காரில் போகும்போது யானை பார்த்ததாக அவள் ஒரு நாள் அளந்தாள். எங்கள் மாமாவின் எஸ்டேட்டில் யானை தினமும் வரும் என்றேன் நான். எஸ்டேட் என்று வந்தபின் ஜீப்பும் வந்துவிட்டது. அந்த மாமா காப்பி மிஷின் வாங்கிக் கொடுக்க ஊருக்கு வரப்போகிறார் என்பதையும் வாய் சும்மா இராமல் சொல்லிவைத்திருந்தேன்.

மாமா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார். பழம் பறிக்கிற காலத்தில் யாருக்கும் லீவு கிடைக்காது. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். முட்டிவரை தொங்கும் காக்கி நிஜார், தோளில் கறுப்புக் கம்பளி, செருப்பில்லாத கால். விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத கறை. "என்னா மருமவளே, இம்மாம் பெருசு ஆயிட்டே!" என்று என் தலையைத் தடவினார். கம்பளியிலிருந்து புகையும் மழையும் கலந்த ஒரு வாசனை வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்குள் இருந்தவரையில் பிடித்திருந்தது.

மறுநாள் அப்பாவுக்கு ஆபீஸ். கிளம்பும்போது, மிஷினுக்கான பணத்தை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "பத்திரமா வெச்சுக்கோ. மாமா காட்டற மிஷினை வாங்கிட்டு வாங்க" என்றார்.

பாத்திரக்கடைதான் ஊரில் மிஷின் விற்ற ஒரே கடை. சனிக்கிழமை அந்தப் பெண் கடையில் இருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். இல்லைதான். கடைக்காரர் மட்டும் இருந்தார். தெலுங்குக்காரர். மாமாவின் பேச்சில் கன்னட வாடை அடித்ததும் கன்னடத்துக்கு மாறி, நீவு, நீவு என்று மரியாதையாகப் பேசினார். மூன்று மிஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று மரப்பெட்டி. ஒன்று பெயின்ட்கூடப் பார்க்காத கறுப்பு இரும்பு. மூன்றாவது சிவப்பு. ரத்தச் சிவப்பு வார்னிஷ், பொன் எழுத்து, கைப்பிடி நுனியில் வெள்ளைக் குமிழ்.

மாமா நிஜார் பையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். வறுத்த கொட்டை, தோட்டத்திலிருந்தே கொண்டுவந்தது. ஒவ்வொரு மிஷினிலும் ஒரு பிடி போட்டுச் சுற்றினார். சுற்றும்போது மிஷினைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். தூளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். என் விரலிலும் கொஞ்சம் வைத்தார். "பாரு மருமவளே, ரவை மாதிரியும் இருக்கக் கூடாது, மாவு மாதிரியும் இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல." கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து தன் விரலையும் நீட்டினார். மாமா கறுப்பு மிஷினின் வாயைத் திறந்து, குனிந்து பல்லைத் தடவிக்கொண்டிருந்தார். அதுதான் என்று முடிவாகிவிட்டது. பணக் கவரை எடுக்க நான் பையில் கையை விட்டிருந்தேன்.

அப்போது கடையின் பின்கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். ரிப்பன், காலில் செருப்பு. என்னைப் பார்த்தாள். மாமாவின் கால்களைப் பார்த்தாள்.

"உங்க எஸ்டேட் மாமா வரலயா? யாருடி இது?"

மெதுவாகத்தான் சொன்னேன். "எஸ்டேட்ல வேலை செய்ற ஆளு."

மிஷின் பல்லின்மேல் இருந்த மாமாவின் விரல் நின்றது. அவர் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவுமில்லை. தோளிலிருந்த கம்பளியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். கடைக்காரரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ஆமாங்க. எஜமானுக்குத் தோட்டத்துல வேலை இருக்குது. பழம் பறிக்கிற காலமில்லீங்களா. அதான் என்னைய அனுப்பிச்சாங்க."

அவ்வளவு இயல்பாகச் சொன்னார். ஒரு கணம் அந்த எஜமான் ஜீப்பில் உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. என் உடம்பில் அந்த நிமிஷம் இருந்தது நிம்மதி ஒன்றுதான். இதை எழுதுவதற்கு இத்தனை வருஷம் ஆனதற்கு அந்த நிம்மதிதான் காரணம்.

கடைக்காரர் கல்லாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. பாப்பா பார்க்கட்டும்" என்றார். மாமா தள்ளி நின்றார்.

"செவப்பை எடு. எங்க வீட்டுல இதேதான் இருக்குது" என்றாள் அவள்.

"பாப்பா," என்றார் மாமா. அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அந்தச் செவப்புல பல்லு ஆடுதுங்க. சுத்தச் சுத்தச் சூடு ஏறும், தூள் கருகிப்போகும். கறுப்பே எடுத்துக்குங்க."

"நினகியாகப்பா?" என்று கடைக்காரர் அதட்டினார். உனக்கெதுக்கு இதெல்லாம் என்று அர்த்தம். நீவு போய் நீனு வந்துவிட்டிருந்தது.

அவள் என் காதருகில் வந்து, "ஆளு சொல்றதைக் கேட்டா எடுப்பே?" என்றாள்.

நான் சிவப்பைக் காட்டினேன்.

மாமாவின் ஒரு கை இன்னும் கறுப்பு மிஷின்மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். சிவப்பு மிஷினை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு எனக்கு நாலடி பின்னால் நடந்து வந்தார். அவள் கடை வாசலில் நின்று கையாட்டினாள். முனை திரும்பி, கடை மறைந்ததும், அவர் என் பக்கத்தில் வந்துவிடுவார் என்று நடையைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். வீடு வரைக்கும் அந்த நாலடி அப்படியே இருந்தது. மாமா என்று நான் திரும்பிக் கூப்பிட்டிருக்கலாம். தெருவில் யாருமே இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் அம்மாவின் முகம் மாறியது. "அண்ணா, நீயா இதை எடுத்தே?"

"நாந்தான். பளபளன்னு இருந்துது. ஏமாந்துட்டேன் போல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் மேலதிகாரி எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தார். அப்பா ஆபீசில் முன்கூட்டியே பெருமையடித்து வைத்திருந்தார். வந்தவர் முன்னாலேயே மேஜையில் மிஷினை மாட்டி அப்பா சுற்றினார். முதல் தடவை கொட்டை பாதியும் நொய் பாதியுமாக விழுந்தது. பில்டரில் ஊற்றிய வெந்நீர் நிற்காமல் ஓடி, டிகாக்ஷன் கழுநீர் மாதிரி இறங்கியது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினார். இப்போது மிஷின் கத்தியது, சூடேறியது, கைப்பிடி கழன்று வெள்ளைக் குமிழ் அதிகாரியின் காலடிக்கு உருண்டு போனது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதில் இரும்பு வாசம் அடித்தது.

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அதிலிருந்து வெளியே வர அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. சமையல்கட்டு வாசலில் நின்ற மாமாவைக் காட்டி, "சார், இவன் என் மச்சான். இருபது வருஷமா காப்பித் தோட்டத்துல இருக்கான். இவனைக் குடகுலேர்ந்து வரவழைச்சு எடுத்த மிஷின் சார் இது!" என்றார்.

அதிகாரி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மாமாவும் சிரித்துவிட்டு, "என் கண்ணுதான் மோசம் பண்ணிடுச்சு மாப்ளே" என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அதிகாரி போனதும் அம்மா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "நெசமாச் சொல்லு. மாமாவா அதை எடுத்தாரு?" என்று கேட்டாள்.

கடையில் சொன்னது பயத்தில் வாய் தவறி வந்தது என்று இன்றைக்கும் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. மாமாதான்."

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த மாமாவுக்கு அது கேட்டது. "புள்ளையை ஏன் போட்டு நோண்டறே? நாந்தான்னு சொல்றனில்ல" என்றார்.

அந்த மிஷின் நான் கல்யாணமாகிப் போகும்வரை வீட்டில் இருந்தது. பிறகு ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தன. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் எங்கள் தெருவில் குடியேறினார்கள். அவர்களுக்கும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். மாமா பிறகு எங்கள் வீட்டில் வந்து தங்கவில்லை. என் கல்யாணத்தன்று கோவிலில் கடைசி வரிசையில் நின்றிருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் போனேன், சொல்லிவிடுவது என்று. "மிஷின் இன்னும் ஓடுதுங்களா?" என்று அவரே கேட்டார். ஓடுது மாமா என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து அவர் செத்துப்போன செய்தி கடிதத்தில் வந்தது. அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. இப்போது அம்மாவும் இல்லை.

மாமா கிளம்பிப் போன அந்தத் திங்கட்கிழமை காலையைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இன்னும் நாலு நாள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த மாமா, களத்தில் கொட்டை கிடக்கிறது என்று சொல்லி முதல் பஸ்ஸுக்கே புறப்பட்டுவிட்டார். அப்பா பல் விளக்கிக்கொண்டே தலையாட்டி வழியனுப்பினார். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றவள், உள்ளே வந்து, மேஜையோரம் அந்தச் சிவப்பு மிஷின் எதிரில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "அழாதேம்மா. வேற மிஷின் வாங்கிக்கலாம்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கலாம் கண்ணு" என்றாள்.

போயும் போயும் ஒரு மிஷினுக்கா இவ்வளவு அழுகை என்று எனக்குத் தோன்றியது. மனசு லேசாகி, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.