திரும்பி வராத ஒரு பிடி சாமை

1968, தை மாதம். காலை ஏழு மணிக்குக் கம்பைநல்லூரில் அரூர் பஸ் ஏறினேன். கட்டணம் அரை ரூபாய், குலுக்கல் இனாம். அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அப்புறம் நடைதான். போன வருஷம் ஓட்டுப்பெட்டி ஏறிய பாதை அது.

மத்தியானம் மூன்று மணிக்கு மலைமேல் ஊர்க்கவுண்டர் சடையன் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டதும் சடையன் தம் காட்டுக்குக் கூட்டிப்போனார். பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் உழுகிற நிலம். நடுவில் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் இனி அரசாங்கக் காடாம். ஆடியில் ஏர் பூட்டினால் வழக்கு.

"பட்டா கேக்கலீங்களா?" என்றேன்.

"கேட்டமுங்க. எலெக்சனுக்கு முன்ன அரூர்க் கட்சிக்காரரு வந்து, வாங்கித் தாரேன்னாரு. கோயில்ல அவரு கையில ஒரு பிடி சாமை குடுத்து வாக்குச் சொன்னோம். ஊரே அவரு கட்சிக்குத்தான் குத்துச்சு. தோத்துப்போச்சுங்க."

"ஜெயிச்ச கட்சி?"

"வந்தாங்க. எங்க கொடிய ஏத்துங்க, கல்லப் புடுங்கறோம்னாங்க. எப்படீங்க ஏத்தறது? மொதல்ல சாமைய வாங்கினவரு அதக் கோயில்ல திருப்பிக் குடுக்கோணும். அப்பத்தான இன்னொருத்தருக்கு வாக்குச் சொல்ல முடியும்? சொல்லி அனுப்பிச்சிருக்கோம். வருவாருங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. நிலம் போகிற நேரத்தில் பிடி தானியமா பெரிது? அவர் நிலத்தை அவரிடம் விட்டுவைக்க ஒரு கட்சிக் கொடி எதற்கு என்று நினைத்ததும், எரிச்சல் கட்சிக்காரர்கள் பக்கம் திரும்பியது.

மறுநாள் சாயங்காலம் அரூர் டீக்கடையில் அந்தக் கட்சிக்காரரையே பிடித்தேன். வேட்டியில் புதுக் கரை. ஜெயித்த கட்சியின் கரை!

"மலைக்காரங்க காத்துட்டிருக்காங்க. சாமையத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

"அதையா? அன்னிக்கே கோழிக்கு எறைச்சாச்சுங்க" என்று சிரித்தார். "நானே கட்சி மாறிட்டேன். அவங்களுக்கு என்னங்க?"

எங்கள் கம்பைநல்லூரில் விரல் மை அழிவதற்குள் கொடுத்த வாக்கை மறந்துவிடுவோம். அதனால் ஒருவர் நிலமும் போனதில்லை. வெட்கமாக இருந்தது. சாமை கோழிக்குப் போய்விட்டது, இனிக் காத்திருக்க வேண்டாம் என்று, அரூர்ச் சந்தைக்கு வந்த மலைக்காரர் ஒருவரிடம் சடையனுக்குச் சொல்லியனுப்பினேன்.

அடுத்த சந்தையில் அந்த ஆளே சடையனின் பதிலைக் கொண்டுவந்தார்: "கோழி தின்னாலும் வாக்கு வாக்குதானுங்களாம். வாங்கினவரே மேல வந்து கோயில்ல சொல்லட்டுமுங்களாம்."

அந்த ஆடியில் கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் ஏர் பூட்டவில்லை.